சுருங்கத் தெரிந்த இதயம்

2018 ஜூனில் ஜப்பான் கரையிலிருந்து கடலில் இறங்கினார் பென் லெகோம்ட். பிரான்ஸில் பிறந்த நெடுந்தூர நீச்சல் வீரர். பசிபிக் பெருங்கடலை நீந்தியே கடந்து அமெரிக்காவில் கரையேற வேண்டும் என்பது திட்டம். துணைக்கு வந்த படகின் பாய் சேதமடைந்ததால் பயணம் பாதியில் நின்றது. அதற்குள் 159 நாள்களில் 2,821 கி.மீ. நீந்தியிருந்தார். சராசரியாக நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்படி உழைத்த மனிதரின் இதயத் தசை தடித்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமெரிக்காவின் டாலஸ் நகரத்து இதய மருத்துவர் பெஞ்சமின் லெவினும் அது சுருங்காது என்றே எதிர்பார்த்தார். எக்கோ படங்களை அளந்து பார்த்தபோது கணக்கு தலைகீழாக இருந்தது. உடல் முழுக்க ரத்தத்தை அனுப்பும் இடது கீழறையின் தசை, வாரத்துக்கு முக்கால் கிராம் வீதம் கரைந்திருந்தது. 2015-16இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 340 நாள்கள் இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லியின் இதயமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இளைத்திருந்தது. லெவின் குழுவினர் இருவரையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 2021இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியானது.

கடலுக்கும் விண்வெளிக்கும் என்ன உறவு? நாம் எழுந்து நின்றதும் புவியீர்ப்பு ரத்தத்தைக் கால்களுக்கு இழுக்கிறது. அதை மீட்டு மூளைவரை ஏற்றுவது இதயத்துக்கு அன்றாட வேலை. நீரில் கிடைமட்டமாக மிதப்பவருக்கு அந்த மேடு ஏறும் வேலை இல்லை. லெகோம்ட் நிதானமாகத்தான் நீந்தினார். அந்த மிதமான உழைப்பு, புவியீர்ப்பு விலகியதால் வந்த இழப்பை ஈடுகட்டப் போதவில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் பேராசிரியரான லெவின், உடற்பயிற்சியும் சூழலும் உடலை என்ன செய்கின்றன என்று ஆராயும் நிறுவனத்தை 1992இல் டாலஸில் தொடங்கினார். அவருடைய ஆய்வின் வேர் அதற்கும் முந்தையது. 1966இல் அதே ஊரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்த காலம் அது. மூன்று வாரம் முடிந்தபோது, கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு சராசரியாக 28 சதவீதம் சரிந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். மறுபடி சோதித்தவர்களில் லெவினும் இருந்தார். அவர்கள் எடை கூடி, தொப்பை விழுந்து, ஐம்பதைத் தொட்டிருந்தார்கள். அப்படியும் முப்பது ஆண்டு முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அவர்களுடைய உழைக்கும் திறனை அதிகம் குலைத்திருந்தது. ஆறு மாதப் பயிற்சியில், வயதால் இழந்த ஆக்சிஜன் திறனை முழுவதும் மீட்டார்கள் என்பது இன்னொரு ஆச்சரியம்.

படுக்கையில் கிடந்தாலே இப்படி என்றால், விண்வெளிக்குப் போனால் என்ன ஆகும்? கால்களில் தேங்கும் ரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறும், அதனால் இதயத்துக்குள் நுழையும் சிரையில் அழுத்தம் கூடும் என்பதே எல்லோருடைய கணிப்பும். 1991 ஜூனில் கொலம்பியா விண்ஓடம் புறப்பட்டபோது, அதில் இருந்த டாலஸ் இதய மருத்துவர் ட்ரூ காஃப்னியின் கைச் சிரை வழியாக இதயத்துக்கு அருகே ஒரு மெல்லிய கதீட்டர் குழாய் செருகப்பட்டிருந்தது. தரையிலேயே பொருத்தி, அதோடு ராக்கெட்டில் ஏறினார். எடையின்மை தொடங்கியதும் அழுத்தம் ஏறவில்லை, இறங்கியது. ஆனால் எக்கோவில் இதயமோ முன்பைவிட நன்றாக நிரம்பியிருந்தது. எடை போனதும் நெஞ்சுக்கூட்டில் இதயத்தைச் சுற்றி இருந்த அழுத்தமும் தளர்ந்துவிட்டதால், குறைந்த அழுத்தத்திலேயே இதயம் விரிந்து கொடுத்தது என்று குழு விளக்கம் சொன்னது. லெவினும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

இதயம் இப்படி நிரம்புவதை உடம்போ ‘நீர் மிகுந்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துக்கொள்கிறது. மேலே இருக்கும்வரை தொல்லை இல்லை. பூமிக்கு வந்து எழுந்து நின்றால் தலை சுற்றும். விண்ஓடக் காலத்து ஆய்வு ஒன்றில், திரும்பி வந்த 14 பேரில் 9 பேரால் பத்து நிமிடம் தொடர்ந்து நிற்க முடியவில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்புகள் மந்தமாகிவிட்டனவா? இதைச் சோதிக்க, 1998இல் ‘நியூரோலேப்’ விண்ஓடப் பயணத்தில் வீரர்களின் கால் நரம்புக்குள் மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்தி, நரம்பு அனுப்பும் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். நரம்பு சோம்பவில்லை, கூடுதலாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆக, குற்றவாளி குறைந்துபோன ரத்தமும் சிறுத்துப்போன இதயமும்தான்.

இதற்கு மருந்து உடற்பயிற்சி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் டிரெட்மில், சைக்கிள், பளு தூக்கும் கருவி எல்லாம் உண்டு. கருவிகளை அமைத்துக் கழற்றும் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் இதற்கே ஒதுக்குகிறார்கள். அங்கே சுமார் ஐந்து மாதம் தங்கிய 13 பேரை லெவின் குழு ஆராய்ந்தபோது, சராசரியாக இதயத்தின் நிறை குறையவில்லை. தரையில் இருந்ததைவிட மேலே அதிகம் உழைத்தவருக்கு நிறை கூடியது, குறைவாக உழைத்தவருக்குக் குறைந்தது. கெல்லியின் இதயம் இளைத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: மேலே அவர் செய்த பயிற்சி, தரையில் செய்ததைவிடக் குறைவாக இருந்திருக்கலாம்.

இந்தக் கணக்கு விண்வெளிக்கு மட்டும் உரியதில்லை. எழுந்து நின்றாலே இதயம் படபடவென அடிக்கும் ‘பாட்ஸ்’ எனும் கோளாறு இளம்பெண்களிடம் அதிகம். அவர்களுடைய இதயம் சற்றுச் சிறியதாக இருப்பதை லெவின் குழு கண்டது. நிற்கும் பயிற்சியைத் தவிர்த்து, சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிள், துடுப்புக் கருவி, நீச்சல் என்று தொடங்கிய மூன்று மாதத்தில், பயிற்சியை முடித்தவர்களில் பாதிப்பேரிடம் அந்தக் கோளாறின் அடையாளம் மறைந்துவிட்டது.

நடுத்தர வயதினருக்கும் இதில் சேதி உண்டு. உட்கார்ந்தே வாழ்பவரின் இதயம் வயதாக ஆக விறைப்பேறுகிறது, பின்னாளில் இதயச் செயலிழப்புக்கு அது வழி வகுக்கிறது. 45 முதல் 64 வயது வரையுள்ள, அதுவரை உடற்பயிற்சி செய்யாத ஆரோக்கியமானவர்களை லெவின் குழு இரண்டு ஆண்டுகள் பயிற்சியில் ஈடுபடுத்தியது. வாரத்துக்கு நான்கைந்து நாள். அதில் ஒரு நாள், நான்கு நிமிடம் மூச்சு வாங்க ஓடி மூன்று நிமிடம் ஆசுவாசம் என்று நான்கு சுற்று. ஒரு நாள் ஒரு மணி நேரம் நிதானமாக. மற்ற நாள்களில் மிதமான நடையும் கொஞ்சம் பளுவும். 2018இல் வந்த முடிவுப்படி இவர்களின் ஆக்சிஜன் திறன் 18 சதவீதம் உயர்ந்தது, இதயத்தின் விறைப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. யோகா, சமநிலைப் பயிற்சி என்று இருந்த மற்றொரு குழுவிடம் இந்த மாற்றம் தெரியவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு தொடங்கியவர்களிடம், ஓராண்டுப் பயிற்சியும் விறைப்பைத் தளர்த்தவில்லை.

இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கு லெவினின் ஆய்வு சொல்வது ஒன்றுதான்: கொடுக்கும் வேலைக்கு ஏற்ற இதயத்தைத்தான் உடல் வைத்துக்கொள்கிறது. அந்த வேலையைக் கூட்ட உகந்த காலம் ஓய்வு பெற்ற பிறகு இல்லை, அதற்கு முன்பே.