முட்டுக்காட்டில் மரம் அறுத்தோம்!

ஊராருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். மளிகைக் கடைக்காரருக்கோ அன்றுதான் வியாபாரம். அப்படியிருந்தும் சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று காலை ஆறரை மணிக்கே கடைச் சாவியை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, நாமும் நமது சங்க உறுப்பினரான அண்ணாச்சி ஒருவரும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே முட்டுக்காட்டுக்குப் புறப்பட்டோம். படகுச் சவாரிக்கு அல்ல, மரம் அறுக்க!

விஷயம் இதுதான். அண்ணாச்சியின் கடைக்கு எதிரே பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று வந்துவிட்டது. வாடிக்கை குறைந்தது. அவருடைய மகனுக்கு மரவேலையில் ஆசை. 'ஸ்குரோல் சா' எனப்படும் நுண் ரம்ப இயந்திரம் இரண்டு வாங்கி, கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் போட்டு, பெயர்ப்பலகையும் பிள்ளையாரும் அறுத்துக் கடையிலேயே தொங்கவிட்டு விற்கலாம் என்பது மகனின் யோசனை. அதற்காக ஏலச் சீட்டைத் தள்ளி எடுக்கவும் அண்ணாச்சி தயாராகிவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நம்மிடம் கேட்டார். தெரியாத தொழிலைப் பற்றி என்ன சொல்வது? "போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோம் அண்ணாச்சி" என்றோம்.

முட்டுக்காட்டில் தென்னந்தோப்புக் கொட்டகை ஒன்றில், மரவேலையைப் பொழுதுபோக்காகப் பழகும் அன்பர்கள் சிலர் கூடுவது வழக்கம். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர்கள் எனச் சுமார் இருபது பேர். சாப்பாட்டுப் பொட்டலம் அவரவர் கொண்டுவர வேண்டும். இயந்திரம் உள்ளவர்கள் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். இல்லாதவர்கள் அதில் பழகிக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை. முதலிலேயே ஒன்றைக் கவனித்து மனத்தில் முடிந்துகொண்டோம்: இவர்களில் ஒருவருக்கும் இது பிழைப்பு அன்று.

தையல் இயந்திரம் போல

பார்வைக்கு இந்த இயந்திரம் தையல் இயந்திரத்தின் உறவு போலத்தான் இருக்கிறது. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் பிளேடு. நாம் சாக்கு தைக்கும் கோணி ஊசியைவிடக் குறுகியது, ஐந்து அங்குல நீளம். மேலும் கீழும் இரு நுனிகளையும் பிடித்து முடுக்கியிருப்பார்கள். மோட்டார் ஓடினால் நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை ஏறி இறங்கும். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். மரத்தைத்தான் நாம் திருப்ப வேண்டும். தையல்காரர் துணியைத் திருப்புவது போலவே.

இதன் முழுப் பெருமையும் உள்வெட்டில் இருக்கிறது. பலகையின் நடுவில் சிறு துளை போட்டு, பிளேடின் மேல் முனையைக் கழற்றி அத்துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்டி முடுக்கினால் ஓரத்தை வெட்டாமலேயே நடுவை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஜன்னல் ஜாலி, பூவேலை, எழுத்து எல்லாம் இப்படித்தான். ஒரு பூவில் பதினாறு ஓட்டை இருந்தால் பதினாறு முறை கழற்றி மாட்ட வேண்டும். விலை பேசும்போது இது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

வங்கி அதிகாரி சொல்லிக் கொடுத்தார், அண்ணாச்சி உட்கார்ந்தார். மூன்று மில்லி மீட்டர் பிளைவுட். படத்தை வரைந்த காகிதத்தைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் பார்சல் ஒட்டும் கண்ணாடி டேப்பையும் ஒட்டியிருந்தார்கள். டேப் எதற்கு என்றோம். அது பிளேடுக்கு வழுக்கல் கொடுத்து மரம் கருகாமல் காக்குமாம். நம் கடையில் தினமும் கையாளும் டேப்புக்கு இப்படி ஒரு வேலை உண்டென்று யாருக்குத் தெரியும்!

முதல் பிளேடு இரண்டாவது நிமிடத்தில் முறிந்தது. மூட்டை தள்ளிப் பழகிய கை அல்லவா! "தள்ளாதீங்க அண்ணாச்சி, பிளேடு தானா அறுத்துக்கிட்டுப் போகும். நீங்க திருப்பிவிட்டாப் போதும்" என்றார் அதிகாரி. இரண்டாவது பிளேடு வளைவில் முறிந்தது, முடுக்கம் போதவில்லை. சரியாக முடுக்கிய பிளேடை விரலால் சுண்டினால் தந்தி போல் 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். மூன்றாவது முறியவில்லை, ஆனால் கோட்டைவிட்டு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. பிளேடைத் தயாரிக்கும்போது ஒரு பக்க விளிம்பில் பிசிறு தங்கிவிடுவதால் அந்தப் பக்கமே அது சற்று அதிகமாக வெட்டுமாம். ஆகவே பலகையைச் சற்றுக் கோணலாக ஊட்டினால்தான் கோடு நேராகும். கணக்குத் தராசில் முள் ஒரு பக்கம் சாய்ந்தால் நாம் ஈடு செய்வதில்லையா, அதுபோல என்றார் அண்ணாச்சி. அப்படி ஈடு செய்வதை எடையளவு ஆய்வாளர் ஒப்புக்கொள்வாரா என்று நாம் கேட்கவில்லை.

'ஸ்டோர்ஸ்' படுத்திய பாடு

அண்ணாச்சிக்குத் தம் கடைப் பெயரையே அறுத்துவிட ஆசை. அதில் 'ஸ்டோர்ஸ்' என்று வருகிறது. இங்கேதான் தமிழ் எழுத்து தன் வேலையைக் காட்டிற்று. எழுத்தைத் தனியாக வெட்டி எடுத்தால் மேலிருக்கும் புள்ளி எதனோடும் ஒட்டாது, தனியே விழுந்துவிடும். 'ஸ்டோர்ஸ்' ஒன்றிலேயே மூன்று புள்ளிகள்! கொம்பும் காலும் வேறு தனித்தனி. பலகையில் எழுத்தை ஓட்டையாக வெட்டினால் தொல்லை வேறு விதம்: 'க'வின் வளையத்துக்குள் இருக்கும் மரத்துண்டு கழன்று விழுந்துவிடும். இதற்கு இரண்டே வழி. மெல்லிய பாலம் விட்டு வெட்டுவது. அல்லது எல்லாத் துண்டுகளையும் வேறு நிறப் பின்பலகையில் பொறுக்கி ஒட்டுவது. படம் வரையும்போதே இதை யோசிக்காதவர் பாதியில் பலகையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். எறிந்தோம்.

கூடியிருந்தவர்களில் ஒருவர் சொன்ன பழங்கதையையும் சொல்லிவிடுவோம். 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் நாட்டுப் படங்களை மரப்பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கும் சாமானாக விற்றார். இன்றைய 'ஜிக்சா' புதிர் அதன் பேரன். பின்னர் 1895-ல் இங்கிலாந்தில் 'ஹாபீஸ்' என்ற வார இதழ் தொடங்கியது. அதை நடத்திய நிறுவனமே ரம்பம், பலகை, படம் எல்லாம் விற்றது. இதழைப் படித்தவர் சாமானுக்கும் அவர்களிடமே வர வேண்டும். பிழைக்கத் தெரிந்தவர்கள்! அறுத்தவர்களைவிட, அறுப்பவர்களுக்குச் சாமான் விற்றவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள் என்று நமக்குத் தோன்றியது.

கணக்குப் போட்டோம்

ஆசிரியை ஒருவர் அழகான பெயர்ப்பலகை வைத்திருந்தார். என்ன விலைக்குத் தருவீர்கள் என்று வழக்கம்போல் கேட்டு, வழக்கம்போல் பாதியிலிருந்து தொடங்கினோம்: ரூ.250. அவர் கோபிக்கவில்லை. "நீங்களே ஒன்று செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்" என்றார். செய்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு தென்னை நிழலில் அமர்ந்து பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினோம்.

தச்சர் ஒருவரின் நாள் கூலி ரூ.1,000, எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ரூ.125. பெயர்ப்பலகை ஒன்றுக்கு, கை பழகியவருக்கே, படம் வரைய அரை மணி, துளையிட்டு அறுக்க இரண்டு மணி, உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூச ஒரு மணி. ஆக மூன்றரை மணி, ரூ.437.50. பலகை, பிளேடு, வார்னிஷ் என்று ரூ.100 சேர்த்தால் ரூ.537.50. கடைக்கு நூற்றுக்கு இருபது வைத்தால் ரூ.645. இதில் இயந்திர விலை, சீட்டுத் தள்ளுபடி, மின்சாரம், உடைந்து போனது எதுவும் இல்லை. நாம் கேட்டதோ ரூ.250! ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

மலிவாகச் செய்ய வழியே இல்லையா? உண்டு. நான்கு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி டேப் சுற்றி ஒரே வெட்டில் அறுக்கலாம். அறுப்பு மூன்று மணி, வரைய அரை மணி, தேய்க்க நான்கு மணி: ஏழரை மணிக்கு ரூ.937.50, சாமான் ரூ.400, நான்குக்கும் ரூ.1,337.50. ஒன்று சுமார் ரூ.335-க்கு அடங்கும். ஆனால் நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளையார், குத்துவிளக்கு, மயில் என்றால் சரி, பெயர்ப்பலகைக்கு ஆகாது. அந்தப் பிள்ளையாரையோ லேசர் இயந்திரம் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளுகிறது. சந்தையில் குவியும் எம்.டி.எப். பலகைப் பொம்மைகள் பெரும்பாலும் அப்படி வந்தவை. அதனோடு இந்த ரம்பத்தால் விலையில் மோத முடியாது. எதிர்க்கடையோடு சர்க்கரை விலையில் மோதுவது எப்படியோ அப்படித்தான்.

அண்ணாச்சி பில்லை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகவே இருந்தது.

ரம்பமும் உளியும்

திரும்பும் முன் முட்டுக்காட்டிலேயே உள்ள தட்சிணசித்ராவுக்குள் நுழைந்தோம். 1984-ல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் திறந்த காட்சியகம் இது. கட்டட வடிவமைப்பில் லாரி பேக்கருக்குப் பங்குண்டு. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டு வாசலில் அண்ணாச்சி நெடுநேரம் நின்றார். திண்ணையில் அமர்ந்து வரவு செலவு பார்த்த நம் முன்னோர், பர்மாவில் கொண்டுவிற்ற காலத்தில் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொணர்ந்து இழைத்த வீடுகள் அவை. வேலைக்காரருக்குக் கூலி கொடுப்பதில் அவர்கள் நம்மைப் போல் பாதியிலிருந்து தொடங்கியிருந்தால் இந்த நிலைகள் இன்று வரை நின்றிருக்குமா என்று தெரியவில்லை.

இங்கேதான் ஒரு வேறுபாடு தெளிவாகப் புரிந்தது. ரம்பம் பலகையை ஊடுருவி வெட்டும்; உருவத்தின் ஓரக்கோடு கிடைக்கும். மரத்துக்குள் இறங்கி மேடு பள்ளம் காட்டுவது உளியும் கொட்டாப்புளியும்தான். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த உளி வேலைக்காகவே. நுண் ரம்பத்தை முறையான தொழிலாக நடத்துபவர்களைப் பார்க்க வேண்டுமானால் மைசூருக்குப் போக வேண்டும். அங்கே ஈட்டி மரத்தில் வெவ்வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துப் படம் சமைக்கிறார்கள். துண்டுகளை நறுக்குவது மெல்லிய ரம்பத்தால்தான். ஒருவர் வரைய, ஒருவர் அறுக்க, ஒருவர் பதிக்க என்று வேலையைப் பகிர்ந்துகொண்ட பட்டறைத் தொழில் அது. கிடங்கில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதற்கு ஈடாக முடியாது. முறையாகக் கற்க நினைக்கும் இளைஞருக்கு மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. கல்லோடு மரச்சிற்பமும் கற்பிக்கிறார்கள். அண்ணாச்சி மகனுக்கு இதையும் குறித்துக் கொடுத்தோம்.

வரும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கடந்தோம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து, சங்கமாக இருந்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கி உருவாக்கிய ஊர். அவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டுக் கைவினைக்குப் போகவில்லை. கைவினை பக்கத்தில் நடந்தது, ஓவியமும் நடந்தது. வண்டியில் இதைச் சொன்னபோது அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

நமது கருத்தைக் கேட்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். கடன் வாங்கியோ சீட்டெடுத்தோ இந்த இயந்திரத்தை வாங்க வேண்டாம். ஆசையுள்ள பிள்ளைக்குக் கையால் அறுக்கும் சிறு வில் ரம்பம் முதலில் போதும். நகைப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். வாங்குவோர் 230 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்குக. அமெரிக்க இயந்திரம் 110 வோல்ட், தனி டிரான்ஸ்பார்மர் கேட்கும். தூசி மாவு போல் நுண்ணியது. முகமூடி இல்லாமல் உட்காரக் கூடாது, மளிகைச் சாமான் உள்ள கிடங்கில் அறுக்கவே கூடாது. பருப்பிலும் மாவிலும் மரத்தூள் விழுந்தால் யார் பதில் சொல்வது? கடலோர உறுப்பினர்கள் பிளேடை எண்ணெய்த் தாளில் சுற்றி டப்பாவில் வைக்கவும். உப்புக் காற்றில் வெல்லம் கசிவது போலவே பிளேடும் துருவேறும். விற்பதானால், செய்து அடுக்காமல், முன்பணம் வாங்கிக்கொண்டு பெயர்ப்பலகை மட்டும் செய்யலாம். சரக்கு தேங்காது.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தோம். கல்லாவுக்கு மேலே மூன்று புள்ளியும் ஒழுங்காக ஒட்டிய சிறு பலகை தொங்கியது. மகன் வில் ரம்பத்தால் எட்டு நாள் இரவில் அறுத்ததாம். வாடிக்கையாளர் இருவர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விலை என்ன சொன்னீர்கள் என்றோம். "அறுநூத்து நாற்பத்தஞ்சு" என்றார். ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். மற்றவர் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். சீட்டு இன்னும் எடுக்கவில்லை.