உடனே வெட்ட வேண்டுமா?

புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று பயாப்ஸி அறிக்கை வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" என்பதுதான். தள்ளிப்போடலாம் என்று சொல்லும் டாக்டரை மாற்றிவிடும் பிள்ளைகளும் உண்டு.

பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' ஆய்வு இந்த அவசரத்தைத்தான் சோதித்தது. 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயது வரையுள்ள 82,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, புராஸ்டேட் புற்றுக்கான அறிகுறியைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்று இருந்தவர்களில் 1,643 பேர், தங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். துணிச்சல்காரர்கள்தான்! ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, இன்னொரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும்.

பதினைந்து ஆண்டு முடிவு 2023-ல் வெளியானது. மூன்று பிரிவிலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். ஆனால், கண்காணிப்பில் இருந்தவர்களில் 9 சதவீதத்தினருக்குப் புற்று வேறு இடங்களுக்குப் பரவியது. மற்ற இரு பிரிவுகளில் 5 சதவீதம். கண்காணிப்பில் இருந்தவர்களில் 61 சதவீதம் பேர் பிறகு அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போனார்கள். போகாதவர்கள், பக்கவிளைவுகளிலிருந்து தப்பினார்கள்.

அந்தப் பக்கவிளைவுகளைப் பற்றித்தான் நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அறுவையில் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சிறுநீர்க்குழாயோடு தைக்கிறார்கள். சிறுநீரை அடக்கும் தசை அதற்குக் கீழேயே இருக்கிறது. ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் இரு பக்கமும் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. எவ்வளவு கைதேர்ந்த சர்ஜன் என்றாலும் இவற்றைத் தொடாமல் வேலை முடியாது. ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், ஆறு மாதம் கழித்தும் சிறுநீர்க் கசிவுக்காக பேடு வைத்திருந்தார்கள். 12 ஆண்டுகளுக்குப் பிறகும் நாலில் ஒருவருக்கு அது தேவைப்பட்டது. கதிர்வீச்சில் சிறுநீர்த் தொல்லை குறைவு. ஆனால், மலக்குடல் சுரப்பிக்கு நேர் பின்னால் இருப்பதால், சிலருக்கு மலக்கசிவு வருகிறது.

அந்தக் காலக் கண்காணிப்பு, பெரும்பாலும் பி.எஸ்.ஏ. எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் மறு பயாப்ஸியும் சேர்ந்துவிட்டன. பயாப்ஸி அறிக்கையில், புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் 6 என்றால், யோசிக்க, இன்னொரு டாக்டரிடம் கேட்க, தாராளமாக நேரம் இருக்கிறது. 8, 9 என்று வந்தவர் இந்தக் கணக்கைத் தனக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவருக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.