கள்ளியும் காட்சியும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் செல்வோர் புன்செய் வேலிகளில் சப்பாத்திக்கள்ளி அடர்ந்து நிற்பதைக் காணலாம். தமிழர் அதனை நாகதாளி என்றும் அழைப்பதுண்டு. தெலுங்கர் நாகஜெமுடு என்பர். ஆடுகூடத் தீண்டாத இச்செடியைப் பற்றி நாம் எழுத நேருமென்று சென்ற கோடை வரை நினைத்ததில்லை.

திருப்பதியில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் தமிழ் நண்பர் ஒருவர் இல்லத்தில் அப்போது தங்கியிருந்தோம். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் எம்மை மாடிக்கு அழைத்துச் சென்று, தொட்டியில் தூண்போல் வளர்ந்திருந்த ஒரு செடியைக் காட்டினான். "மாமா, அமெரிக்காவில் ஒரு கள்ளியைத் தின்றால் தெய்வம் தெரியுமாமே, மெய்தானா? இது அந்தக் கள்ளிதானா?" என்று கேட்டான். அதுவன்று என்றால், வேலிக்கள்ளியிலும் அச்சத்து இருக்குமா என்பது அடுத்த கேள்வி. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. படிக்கட்டின் கீழே காப்பியுடன் நின்ற அவன் தாயாரின் முகத்திலிருந்து, இது அவ்வீட்டில் முதல் முறையாக எழுந்த பேச்சன்று என்பதும் விளங்கிற்று. அன்று நாம் அளித்தது அரைகுறையான விடை. மீதியை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், 'காக்டஸ்' என்ற சொல் வருமிடமெல்லாம் 'கள்ளி' என்று எழுதிவிட்டு உள்ளூரக் கூசியதுண்டு. தமிழில் தொன்றுதொட்டுக் கள்ளி எனப்பட்டவை சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலியன. சங்கப் புலவர் பாலை நிலத்தில் கண்டவை இவையே. இவற்றை ஒடித்தால் பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பார்வையே கெடக்கூடும். உட்கொண்டால் வாயும் வயிறும் புண்ணாகும். பிறந்த பெண் சிசுக்களுக்கு அதனைப் புகட்டிய கொடுமையைத் தமிழகத்தார் மறந்திருக்க மாட்டார்கள். சப்பாத்திக்கள்ளியோ முற்றிலும் வேறான குடும்பத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒடித்தால் பால் வடியாது. முள்ளும் சதைப்பற்றும் ஒத்திருப்பது கண்டு நம் முன்னோர் பழைய பெயரைப் புதிய செடிக்கும் இட்டனர். தெலுங்கில் ஜெமுடு என்னும் சொல்லும் இவ்வாறே இரண்டையும் சுமக்கிறது. ஆகவே, அமெரிக்கக் கள்ளியைப் பற்றி எங்கோ படித்துவிட்டு நம் ஊர்க் கள்ளியை ஒடிக்கப் புகும் இளைஞன், தெய்வத்தைக் காண்பதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியைக் காண்பான்.

அமெரிக்கச் செடி நம் வேலிக்கு வந்த கதை தனிச் சுவையுடையது. காச்சினீல் என்னும் பூச்சி கள்ளியில் வளர்ந்து செந்நிறச் சாயம் தருவது. மெக்ஸிகோவில் அதன் வாணிபத்தை ஸ்பானியர் தம் கையிலேயே வைத்திருந்தனர். அதில் பங்கு பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேஸிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டமான வேறோர் இனப் பூச்சி. சாய வியாபாரம் படுத்தது. கள்ளி மட்டும் பரவிற்று. தென்னாட்டு நிலங்களை விழுங்கிய ஒருவகைக் கள்ளியை, 1926இல் இலங்கையிலிருந்து தருவித்த மற்றொரு சாயப்பூச்சியே தின்று அடக்கிற்று. இன்று சித்தூர் வேலிகளில் நிற்பது எஞ்சியது. அதில் மனத்தை மாற்றும் அளவுக்கு எச்சத்தும் இல்லை.

இனி, பையன் கேட்ட செடிக்கு வருவோம். அதன் பெயர் பெயோட்டே. வடக்கு மெக்ஸிகோவிலும், அதையொட்டிய அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத் தென்பகுதியிலும் மட்டுமே அது தானாக வளர்வது. முள் கிடையாது. நீலம் பாய்ந்த பசுமையுடன், சப்பையான சிறு பந்துபோல் மண்ணோடு மண்ணாய்ப் பதிந்திருக்கும். வேரோ காரட்டைப்போல் கீழே நீண்டிருக்கும். அறியாதவன் அதை மிதித்துக்கொண்டு போய்விடுவான். டெக்ஸாஸ் குகைகளில் கிடைத்த பெயோட்டே 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைகளில் தூண்போல் வளரும் வேறொரு கள்ளியிலும் இதே சத்து உண்டு. கிறிஸ்தவம் அங்குப் பரவிய பின், மோட்சத்தின் திறவுகோல் உடையவர் எனப்படும் பேதுருவின் பெயரால் அதனை ஸான் பெத்ரோ என்றனர்.

பெயோட்டேயை இன்றும் தம் சமயத்தின் நடுவில் வைத்திருப்போருள் மெக்ஸிகோவின் மேற்கு மலைகளில் வாழும் விஷாரிக்கா மக்கள் முதன்மையானவர். வெளியார் இவர்களை ஹுயிசோல் என்பர். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு அப்பால், ஸான் லூயி போடோஸி மாநிலப் பாலையிலுள்ள விரிகூட்டாவுக்கு இவர்கள் யாத்திரை போகின்றனர். முன்னாளில் முழுத் தொலைவும் நடை. இக்காலத்தில் வண்டிகள் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டன. புறப்படுமுன் உப்பை விலக்குவர், பிரமசரியம் காப்பர். நெருப்பின்முன் அமர்ந்து ஒவ்வொருவரும் தம் காமப் பிழைகளை யாவரும் கேட்க ஒப்புக்கொள்வர். பிழைக்கொரு முடிச்சாகக் கயிற்றில் இட்டு, அக்கயிற்றைத் தீயிலிடுவர். வழியில் பொருள்களின் பெயரையெல்லாம் தலைகீழாக மாற்றிப் பேசுவர். தலத்தை அடைந்ததும் பூசகர் முன்னே செல்ல, யாவரும் ஓசையின்றி வேட்டைக்காரர்போல் நடப்பர். ஏனெனில், அவர்களுக்குப் பெயோட்டே செடியன்று, மான். முதலிற் கண்ட செடியின்மீது அம்பெய்து, படையலிட்டு வணங்கிய பின்னரே அதனை அரிந்து பகிர்ந்துண்பர். மான், மக்காச்சோளம், பெயோட்டே ஆகிய மூன்றும் ஒன்றே என்பது அவர்தம் நம்பிக்கை. இந்த யாத்திரை வழியை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதைப் படித்தபோது நமக்கு அலிபிரி நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்ல நாம் துணியவில்லை. ஒப்பிடுவதைக் குற்றமாகக் கருதுவோரும் உண்டு. ஆயினும், நோன்பிருந்து, ஏறத்தாழ 3,550 படிகளைக் கால் கடுக்க ஏறி, முடியிறக்கி, நெடுநேரம் வரிசையில் நின்றவனுக்குக் கிட்டும் சில விநாடித் தரிசனம் வாழ்நாள் முழுதும் கண்ணில் நிற்பதை நாம் அறிவோம். அதனை அளித்தது படியா, பசியா, கூடவே ஏறியவர் எழுப்பிய கோவிந்த நாமமா என்று பிரித்துக் காட்ட இயலுமோ? விஷாரிக்காவைக் கேட்டால், செடிதான் காட்சியைத் தந்தது என்று அவரும் தனியே பிரித்துச் சொல்ல மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. பையன் விரும்பியது 500 கிலோமீட்டரையும் முடிச்சுக் கயிற்றையும் விட்டுவிட்டு, கடைசிக் கவளத்தை மட்டும்.

ஸ்பானியப் பாதிரிமாருக்கு இச்செடி பேயின் வேலையாகப் பட்டது. 1620இல் மெக்ஸிகோவிலிருந்த சமய விசாரணை மன்றம் அதனைத் தடை செய்தது. தடைக்குத் தப்பிய வழக்கம் வடக்கே பரவி, தம் நிலத்தை இழந்து ஒடுக்கிடங்களில் அடைபட்ட செவ்விந்தியக் குலங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊன்றுகோலாயிற்று. அவர்கள் 1918இல் ஒக்லஹாமா மாநிலத்தில் 'பூர்வீக அமெரிக்கத் திருச்சபை' என்னும் பெயரில் அதனைப் பதிவு செய்தனர். கூடாரத்தில் தீ மூட்டி, முரசும் பாட்டுமாக இரவு முழுவதும் அமர்ந்து, விடியலில் தண்ணீரும் உணவும் பகிர்ந்து கலைவது அவர்கள் வழிபாடு. மதுவை அத்திருச்சபை அறவே விலக்குகிறது என்பது வியப்புக்குரியது. இவ்வழிபாட்டுக்காக வேலையிழந்த இருவர் வழக்கில் 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 1994இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி அக்குலத்தாரின் உரிமையைக் காத்தது.

செடியினுள் இருக்கும் சத்தின் பெயர் மெஸ்கலின். ஜெர்மானிய விஞ்ஞானி ஆர்தர் ஹெஃப்டர் பெயோட்டேயிலிருந்து பல சத்துகளைப் பிரித்தெடுத்து, காட்சி தருவது எதுவென்று தாமே உண்டு பார்த்து 1897இல் கண்டறிந்தார். 1919இல் எர்ன்ஸ்ட் ஷ்பேட் அதனைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். மூளையில் செரட்டோனின் என்னும் இயற்கைப் பொருள் செயற்படும் சில வாயில்களில் மெஸ்கலின் புகுந்து இயங்குகிறது. முதலில் குமட்டலும் வாந்தியும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், கண்மணி விரியும். பின்னர் நிறங்கள் ஒளிவிடும்; மூடிய கண்ணுக்குள் கோலங்கள் ஓடும்; காலம் நின்றதுபோல் தோன்றும். ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் இந்நிலை நீடிக்கும்; இடையில் வேண்டாமென்றால் இறங்க வழியில்லை. பேரின்பம் கண்டோர் உண்டு. பெருந்திகிலில் ஆழ்ந்தோரும் உண்டு. இதய நோயாளருக்கும், தமக்கோ குடும்பத்தாருக்கோ சித்தக் கோளாறு உள்ளோருக்கும் ஆபத்து மிகுதி. திருச்சபை வழிபாட்டில் நெடுங்காலம் இதனை உட்கொண்ட நவஹோ மக்களைச் சோதித்து 2005இல் வெளியான ஆராய்ச்சி, அவர்தம் அறிவுத்திறனில் குறைவேதும் காணவில்லை. முதியோர் காவலில், முறையோடு உட்கொண்டவரைப் பற்றிய முடிவு அது. விடுதி அறையில் தனியே உட்கொள்பவனுக்கு அம்முடிவு உறுதியளிக்காது.

இச்செய்திக்கும் சித்தூர்ச் சீமைக்கும் ஓர் எதிர்பாராத தொடர்பு உண்டு. 1953ஆம் ஆண்டு மே மாதம், ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டின் மேற்பார்வையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெஸ்கலின் உட்கொண்டார். பூச்சாடியிலிருந்த மலர்களும் நாற்காலியின் கால்களும் அவருக்குப் பேருண்மையாய்ப் பொலிந்தன. மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், சச்சிதானந்தம் என்ற சொல்லின் பொருளை அப்போதுதான் உணர்ந்ததாகவே எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் கீழ்நாட்டுச் சமயங்களைக் கற்பித்த ஸேனர் இதற்கு உடன்படவில்லை. தாமும் மெஸ்கலின் உட்கொண்டு பார்த்தார். அவருக்கு வந்தது தெய்வக் காட்சியன்று, அடக்க முடியாத சிரிப்பு. அதை வைத்து 1957இல் மறுப்பு நூலே எழுதினார்.

ஹக்ஸ்லிக்கு 1938 முதல் நெருங்கிய நண்பராயிருந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் 1895இல் பிறந்த ஊர் மதனப்பள்ளி. 1911 முதல் 2022 வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவருடைய ரிஷிவாலிப் பள்ளியும் அதன் அருகிலேயே உள்ளது. நண்பர் புகழ்ந்த வழியை அவர் ஏற்கவில்லை. 1960களில் மேல்நாட்டு இளைஞர் பலர் இத்தகைய பொருள்களைப் பற்றி அவரிடம் வினவினர். பழக்கமும் விருப்பமும் சமைத்த பழைய மனமே அப்போது தன் உருவைப் பெரிதாக்கிக் காண்கிறது, அது மெய்க்கு வழியாகாது என்பது அவர் கருத்து. நண்பரின் மகனிடம் இதைச் சொன்னோம். அவன் சற்று நேரம் மௌனமாயிருந்தான். மதனப்பள்ளி பக்கத்தில்தானே என்று மட்டும் கேட்டான்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை மெஸ்கலினை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. தம் நாட்டில் தானாக வளரும் செடியை வழிபாட்டிற் கொள்ளும் சிறு குழுவினருக்கு விலக்களிக்க நாடுகளுக்கு இடமும் தந்தது. நம் நாட்டில் அத்தகைய வழக்கம் எக்குலத்தாருக்கும் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் மெஸ்கலின் இடம்பெற்றிருக்கிறது. வைத்திருப்பதும் விற்பதும் உட்கொள்வதும் குற்றம்.

சட்டத்தைவிட நம்மை வருத்தியது வேறு. பெயோட்டே அரிந்தெடுக்கும் பருவத்தை அடையப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். வேரை விட்டுத் தலையை மட்டும் அரிந்தால் மீண்டும் துளிர்க்கும். தொலைநாட்டு ஆவலர்க்காகத் தோண்டுவோர் வேரோடு பெயர்க்கின்றனர். வழிபாட்டுக்கே செடி கிடைக்காத நிலை கண்ட அக்குலத்தார், டெக்ஸாஸின் தென்பகுதியில் 605 ஏக்கர் நிலத்தில் அதனைக் காத்து வளர்க்கத் தொடங்கியுள்ளனர். திருப்பதித் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிரே தெரியும் சேஷாசல மலைகளின் செம்மரமும் இவ்வாறே ஒரு சிறு நிலப்பரப்புக்கு உரியது. முதிரப் பல பத்தாண்டுகள் ஆவது. கடல் கடந்த ஆசைக்காக வெட்டப்படுவது. அதை வெட்டக் கூலிக்கு அழைத்துவரப்படுவோர் பலர் தமிழகத்து ஏழைகள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் அம்மலையில் போலீசார் சுட்டதில் இறந்த 20 பேரும் நம்மவர்களே. ஆசைப்பட்டவன் எங்கோ இருக்கிறான்.

மாடித் தொட்டியிலிருந்தது பெயோட்டேயுமன்று, ஸான் பெத்ரோவுமன்று. தோட்டங்களில் வேலிக்கு வைக்கும் சாதாரணத் தூண்கள்ளி. அதைப் பிடுங்கி எறியலாமா என்று அவன் தாயார் கேட்டார், இருக்கட்டும் என்றோம். நாம் ஊர் திரும்பிய மறுவாரம் அவன் எழுதியிருந்தான்: அச்செடி இரவில் வெள்ளை மலரொன்று விரித்ததாம், விடிவதற்குள் வாடிவிட்டதாம், அம்மாவும் விழித்திருந்து பார்த்தாராம்.