கொசுவலைக்கு என்ன விலை வைக்கலாம்?

ஏழைக்கு எதையும் சும்மா கொடுக்கக் கூடாது, சும்மா வந்தால் அதன் அருமை தெரியாது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். தர்மத்தைவிடத் தொழில்தான் வறுமையைத் தீர்க்கும் என்போரும் இதையே சொல்கிறார்கள். சாம்பியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் டம்பிசா மோயோ 2009இல் எழுதிய ‘டெட் எய்ட்’ நூலில் ஒரு கற்பனைக் கொசுவலைத் தொழிலதிபர் வருகிறார். வெளிநாட்டு இலவச வலைகள் வந்து குவிந்ததும் அவர் தொழில் படுத்துவிடுகிறது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனாலும் கொசுவலைக்கு விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கென்யாவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களுக்குக் குலுக்கல் முறையில் வெவ்வேறு விலையை ஒதுக்கினார்கள். சில இடங்களில் வலை இலவசம். அதிகபட்ச விலையே 40 ஷில்லிங்தான், அதாவது சுமார் 60 அமெரிக்க சென்ட். அடக்க விலையில் அது பத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு தொகைக்கே, வலை வாங்குவோர் நூற்றுக்கு அறுபது பேர் குறைந்துபோனார்கள். வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது, காசு கொடுத்தவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாக வலையைக் கட்டியிருக்கவும் இல்லை. டூபாவின் பிந்தைய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: முதல் வலையை மலிவாகவோ இலவசமாகவோ பெற்றவர்கள்தான் அடுத்த ஆண்டு இரண்டாவது வலையைக் காசு கொடுத்து வாங்க அதிகம் முன்வந்தார்கள்.

விலை ஏன் இங்கே தோற்கிறது? விடை கொசுவின் ஆயுளில் இருக்கிறது. மலேரியாக் கிருமி அனாபிலிஸ் கொசுவின் உடலுக்குள் புகுந்ததும் உடனே தொற்றாது. முற்றிப் பரவ ஏறத்தாழ பத்து நாளாவது வேண்டும். அவ்வளவு நாள் உயிரோடிருக்கும் கொசுக்கள் கொஞ்சமே. மருந்து ஏற்றிய வலையில் வந்து உட்காரும் கொசு அதற்கு முன்பே செத்தால், அது அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகாது. மேற்கு கென்யாவில் நடந்த ஆய்வில், வலை கட்டிய வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் வலையே இல்லாமல் வாழ்ந்த குழந்தைகளுக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பு கிடைத்தது தெரிந்தது. வலைக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், பிழைப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்த நன்மைக்கு எந்தக் கடைக்காரராலும் பில் போட முடியாது. அதனால்தான் இங்கே தர்மம் தேவைப்படுகிறது என்று நான் நம்புகிறேன்.

இருந்தும் அந்த வலையைத் தர்மம் நெய்யவில்லை. பாலிஎத்திலீன் நூலுக்குள்ளேயே பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்து, மேற்பரப்பு மருந்து கழுவிப் போகப் போக உள்ளிருப்பது வெளியே கசியும்படி செய்தது ஜப்பானின் சுமிடோமோ கெமிக்கல் நிறுவனம். அந்த நுட்பத்தைப் பெற்று, தான்சானியாவின் அருஷா நகரில் உள்ள ஏ டு இசட் ஆலை 2003இல் உற்பத்தியைத் தொடங்கியது. மோயோவின் கற்பனைத் தொழிலதிபரை நன்கொடை வலைகள் முடக்கின. அருஷா ஆலையின் வலைகளைப் பெருமளவில் வாங்கியதே நன்கொடைப் பணம்தான். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா நோய்நிகழ்வுகள் 66.3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். அதில் 68 சதவீதம் வலைகளால் தடுக்கப்பட்டவை.

இப்போது கொசு பழைய மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. அதன் உடலிலுள்ள நொதிகள் மருந்தைச் சிதைத்துவிடுகின்றன. புதிய வலைகளில் பழைய மருந்தோடு சேரும் குளோர்ஃபெனாபிர் என்ற மருந்தோ அதே வகை நொதிகளால்தான் நஞ்சாக மாறுகிறது. எந்த ஆயுதத்தால் கொசு தப்பித்ததோ அதுவே அதைக் கொல்கிறது! தான்சானியாவில் இரண்டு ஆண்டுக்குப் பின் சோதித்தபோது, பழைய வகை வலை தந்த ஊர்களில் 45.8 சதவீதக் குழந்தைகளுக்கு மலேரியாத் தொற்று இருந்தது. புதிய வலை தந்த ஊர்களில் 25.6 சதவீதம். உலக சுகாதார அமைப்பு 2023இல் அதைப் பரிந்துரைத்தது. பழையதைவிட அது விலை கூடுதல். அந்தக் கூடுதலையும் கென்யாவின் கர்ப்பிணியிடம் கேட்கக் கூடாது.