ஏவல் கேட்கும் மென்பொருள்

அலுவலகத்தில் அமர்ந்து ஊதியம் பெறுவோர் யாவரும் அறிந்த வேலை ஒன்று உண்டு. மின்னஞ்சலில் வந்த பட்டியலைத் திறக்க வேண்டும். எண்ணையும் தேதியையும் தொகையையும் பார்க்க வேண்டும். வேறொரு திரையில் அவற்றைத் தட்டிச் சேமிக்க வேண்டும். பிறகு அடுத்த பட்டியல். அறிவுக்கு இதில் வேலை சொற்பம்; கண்ணுக்கும் விரலுக்கும் மிகுதி. இத்தகைய காரியத்தைக் கணினியே செய்யுமாறு பழக்குவதற்கு 'ரோபாட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்' என்று பெயர் வழங்குகிறது. இரும்புக் கையும் காலும் கொண்ட உருவம் எதையும் நேயர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கணினிக்குள்ளே இருந்தபடி, நாம் சொடுக்குவது போலச் சொடுக்கி, நாம் தட்டுவது போலத் தட்டும் மென்பொருளே இங்கே 'பாட்' எனப்படுகிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஒரு சொல்லைக் கண்டால் அதன் பூர்வீகத்தை விசாரியாமல் இருக்க மாட்டான். 'ரோபாட்' என்ற சொல், செக் நாட்டு ஆசிரியர் காரல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தின் மூலம் உலகில் பரவியது. அம்மொழியில் 'ரோபோட்டா' என்றால் குடியானவன் பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்த ஊழியம். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லும் கூலியில்லா ஊழியத்தையே குறித்தது. ஆயினும் 'வெட்டி' என்று இன்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். ஆகவே 'ஏவலாள்' என்றே இங்கு அழைக்கிறேன்.

இப்பொருளை மைசூரிலிருந்து பேசுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. இந்நகரின் ஹெப்பாள் பகுதியில் இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. அந்நிறுவனத்தின் துணை நிறுவனமான எட்ஜ்வெர்வ், 'அசிஸ்ட்எட்ஜ்' என்ற பெயரில் இவ்வகை ஏவலாட்களை உருவாக்கும் கருவியை ஆக்கியிருக்கிறது. ஆனால் இக்கலை பொறியியல் பட்டதாரிகளுக்கே உரியதன்று. இங்கிலாந்தில் 2001-இல் தோன்றிய புளூ பிரிசம், ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2005-இல் தோன்றிய யூஐபாத் முதலிய நிறுவனங்கள் வளர்த்த துறை இது. மைக்ரோசாப்ட் 2020-இல் கிரேக்க நாட்டின் சாப்ட்டோமோட்டிவ் நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டு 'பவர் ஆட்டமேட் டெஸ்க்டாப்' என்ற கருவியை விண்டோஸ் 10 வைத்திருப்போருக்குத் தனிக் கட்டணமின்றி வழங்கிற்று. விண்டோஸ் 11 கணினியில் அது முன்பே இடம்பெற்றிருக்கும்.

இதிலே நிரல் எழுதுவது மிகக் குறைவு. 'எக்செல் ஏட்டைத் திற', 'இவ்வரியைப் படி', 'இப்பொத்தானை அழுத்து' என்னும் கட்டளைகள் இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கும். வேண்டியவற்றை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். படித்த விவரத்தை வைத்துக்கொள்ளப் பெயரிட்ட பெட்டி உண்டு. அதற்கு 'வேரியபிள்' என்று பெயர். 'இவ்வாறு இருப்பின் இதைச் செய்' என்ற நிபந்தனையும், 'வரி தீரும்வரை திரும்பச் செய்' என்ற சுழற்சியும் உண்டு. நீங்கள் செய்வதைப் பார்த்துப் பதிந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. பெரும்பாலும் பொத்தானை அது நிற்கும் இடத்தைக் கொண்டு அறியாமல், திரையின் உள்ளமைப்பில் அதற்குள்ள பெயரையும் அடையாளங்களையும் கொண்டே ஏவலாள் அறியும். எனவே சாளரத்தை நகர்த்தினாலும் கண்டுகொள்ளும். இணையப் பக்கத்தையே மாற்றியமைத்துவிட்டால் திகைத்து நின்றுவிடும்.

நிற்பது நன்று. நிற்காமல் ஓடுவதே அபாயம்.

பிற மாநிலத்தில் வாழும் தமிழர் அனைவருக்கும் தெரிந்த ஓர் இடரை எடுத்துக்கொள்வோம். கட்டடப் பணிக்கு வந்த முந்நூறு தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகம் வருங்கால வைப்பு நிதிக்காகப் பதிவு செய்கிறது என்று கொள்ளுங்கள். ஏட்டிலே 'சு. முருகேசன்' என்றிருக்கிறது. படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்களைக் காட்டுகிறது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? இடைவெளி கண்ட இடத்தில் பெயரைப் பிளக்கச் சொல்லியிருந்தால், ஏவலாள் 'சு.' என்பதை முதற்பெயராகவும் 'முருகேசன்' என்பதைக் குடும்பப்பெயராகவும் எழுதிவிடும். அனுபவமுள்ள குமாஸ்தா முதற்பெயரிலேயே பேனாவை நிறுத்தி, "ஐயா, உங்கள் ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறது?" என்று வினவுவார். ஏவலாள் வினவாது, முந்நூறையும் முடித்து, 'பணி நிறைவுற்றது' என்று அறிவிக்கும். ஆண்டுகள் கழித்து, மகள் திருமணத்திற்கென்று முருகேசன் பணம் கேட்கும்போது, ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். அதற்குள் அவர் வேறு மாநிலத்தில் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் இருக்கக்கூடும். திருத்தம் வேண்டுமெனில் பழைய முதலாளியின் ஒப்பத்தையும் தேடி அலைய நேரலாம்.

தேதியிலும் இதே விபரீதம் உண்டு. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க முறைப்படி அமைந்த கணினிக்கு மார்ச் நான்கு. பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை எக்செல் ஏட்டில் சாதாரண எண்ணாகத் தட்டினால், அது முன்னிற்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். எழுத்துவகை என்று அக்கட்டத்தை முன்பே குறித்துவிட வேண்டும்.

ஆகவே கற்க விரும்புவோர் கருவியைத் திறக்குமுன் காகிதத்தைத் திறக்கட்டும். ஒரு வேலையை நாள்தோறும் எவ்வாறு செய்கிறீர்களோ அவ்வாறே படிப்படியாக எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் 'எப்போது இங்கே தயங்குகிறேன்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அத்தயக்கங்களே நிபந்தனைகளாக வேண்டியவை. வகை புரியாத வரியைத் தனி ஏட்டில் ஒதுக்கி மனிதர் பார்வைக்கு விடும்படி ஏவலாளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். நான் அறிந்தவரையில், பதினைந்து ஆண்டு மேசையில் அமர்ந்தவர் இப்பட்டியலை எழுதும் திறத்தில் புதிய பொறியியலாளரை எளிதில் விஞ்சிவிடுவார். இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. இயந்திரம் வந்தபின் எந்த மேசை எஞ்சும் என்று பலர் இன்று கவலையோடு கேட்கிறார்கள். பெயர்த்தெழுதும் மேசைகள் குறையவே செய்யும். விதிவிலக்குகளை அறிந்தவர், ஏவலாளை அமைப்போரின் பக்கத்தில் இடம் கேட்கலாம்.

முதற்பயிற்சிக்கு அலுவலகக் கோப்பைத் தொட வேண்டாம். வீட்டு மின்கட்டண ரசீதுகளுக்குத் தேதிவாரியாகப் பெயரிடச் செய்து பாருங்கள். அலுவலகத்தில் ஓட்டுவதற்கு மேலதிகாரியின் அனுமதி எழுத்தில் வேண்டும். கடவுச்சொல்லைக் கட்டளை வரிசைக்குள் எழுதி வைக்கலாகாது. முதல் வாரம் பத்து வரிக்கு மேல் ஓட்டாமல், பத்தையும் மூல ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.