கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

உவர்நீர்த் தொட்டிகளில் வளரும் கடல்மீன்களின் தோலிலும் துடுப்பிலும் உப்புத் துகள்கள் ஒட்டினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. மீன் கல்லில் உடலைத் தேய்க்கும். செவுள் தாக்குண்டால் மூச்சுத் திணறி மடியும். 1951-இல் கிரிப்டோகாரியான் இரிடான்ஸ் எனப் பெயரிடப்பெற்ற ஓரணு ஒட்டுண்ணியே இதற்குக் காரணம்.

சில நாட்களில் புள்ளிகள் தாமே மறையும். ஆயினும் அது குணமன்று. முதிர்ந்த ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் கூடமைத்து, பலவாகப் பிளவுறுகிறது. கூட்டினின்று வெளிவரும் இளம் உயிர்கள் நீந்திச் சென்று மீனைப் பற்றுகின்றன. ஓரிரு நாட்களுள் மீன் கிட்டாவிடில் இறக்கின்றன. தோலுக்குள்ளும் கூட்டினுள்ளும் இருப்பவற்றை மருந்து எட்டாது. நீந்தும் பருவத்திலேயே அது கொல்லும்.

ஆகவே, எல்லா மீன்களையும் மணலும் சிப்பியும் இல்லாத வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். அந்நீரில் மயில்துத்தக் கரைசல் சேர்த்து, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு இருக்குமாறு நாள்தோறும் சோதித்து, மூன்று வாரத்திற்குக் குறையாமல் காத்தல் வேண்டும். அளவு மிகின் மீனுக்கே நஞ்சாகும்.

பவளமும் இறாலும் செம்பினால் மடியுமாதலின், மூலத் தொட்டியில் மருந்திடலாகாது. அதனைப் பதினொரு வாரம் மீனின்றி விட்டால் ஒட்டுண்ணி பற்றுக்கோடின்றி அழியும். புதிய மீனை நான்கு வாரம் தனியே வைத்து நோக்கிய பின்னரே சேர்த்தல் நன்று.