பழைய கோட்டு வாத்தியம்: அடையாளமும் மெருகும்

கோட்டு வாத்தியம் எனப்படும் சித்திரவீணை, மெட்டுகள் இல்லாத வீணை. தந்திகளின் மேல் ஓர் உருளையை வழுக்கி ஸ்வரம் எழுப்புவார்கள். ஹவாய் கிதாரும், மிதிகட்டையால் சுருதி மாறும் பெடல் ஸ்டீல் கிதாரும் இதே வழுக்கு முறையைச் சேர்ந்தவை. திருவிடைமருதூர் சகாராம் ராவ், அவர் சீடர் நாராயண ஐயங்கார் ஆகியோரால் கோட்டு வாத்தியம் கச்சேரி மேடையில் நிலைபெற்றது.

பரணில் கிடக்கும் பழைய வாத்தியத்தை அடையாளம் காண முதலில் அதன் நீண்ட கழுத்தான தண்டியைப் பார்க்க வேண்டும். வீணையில் மெழுகின் மேல் 24 மெட்டுகள் இருக்கும். கோட்டு வாத்தியத்தில் தண்டியின் மேற்புறம் வெறுமையாக இருக்கும். மெழுகுத் தடம் தென்பட்டால், வீணையாக இருந்து மாற்றப்பட்டதோ என்று சந்தேகிக்கலாம். அடுத்தது தந்திகள்: பொதுவாக 21. வாசிப்புத் தந்திகளுக்குக் கீழே ஓடும் ஒத்ததிர்வுத் தந்திகளை முறுக்கும் சிறு பிருடைகள்தான் நம்பகமான சாட்சி. குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தவையா, ஒட்டியவையா என்பதை இணைப்புக் கோடு காட்டிவிடும். வெள்ளை அலங்காரம் யானைத் தந்தமானால் விற்கச் சட்டம் இடம் தராது.

மெருகேற்றுவதில் அவசரம்தான் பெரும் பகை. தந்திகளைத் தளர்த்தி, உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்த பிறகே பூச்சைச் சோதிக்க வேண்டும். மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் பட்டு இளகினால் அது அரக்குப் பூச்சு. அப்படியானால் சுரண்டத் தேவையில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொதியால் மெல்லிய படலங்களாக ஏற்றினால் போதும். குடத்தின் மேற்பலகையை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அது மெலிந்தால் நாதமே மாறிவிடும். பளபளக்கும் கனத்த செயற்கை வார்னிஷும் அதிர்வை அமுக்கும்.